ஜாங்கோவின் வலது கை

வாசகர் ஒருவர் கேட்டது: "ஜாங்கோ ரைன்ஹார்ட் இரண்டே விரலில் வாசித்தவர். அந்தத் தீவிபத்து நடக்காமல் போயிருந்தால் பத்தோடு பதினொன்றாகத்தான் இருந்திருப்பார். காயம்தான் அவரை ஆளாக்கியது என்கிறேன். மறுக்க முடியுமா?"

பிப்ரவரி 2

மறுக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ பிறந்தது 1910 ஜனவரி 23, பெல்ஜியத்தில் லிபெர்ஷி என்ற சிற்றூர். மனூஷ் ரோமா என்ற நாடோடி இனக் குடும்பம். வண்டிதான் வீடு. பாரிஸ் நகர எல்லையை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடங்களில் வளர்ந்தார். பள்ளிக்கூடத்துப் படிப்பு இல்லை. 12 வயதில் அக்கம்பக்கத்தில் ஒருவர் கொடுத்த பான்ஜோ-கிட்டார் (பான்ஜோவின் உடல், கிட்டாரின் ஆறு கம்பி) கைக்கு வந்தது. மீசை முளைக்கும் முன்பே பாரிஸ் நடன விடுதிகளில் அக்கார்டியன்காரர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துச் சம்பாதித்தார்.

1928 நவம்பர் 2 இரவு சாந்த்-ஊவானில் அவருடைய வண்டி தீப்பிடித்தது. முதல் மனைவி விற்பதற்காக செல்லுலாய்டில் செய்து வைத்திருந்த பூக்கள் வண்டிக்குள் குவிந்திருந்தன. மெழுகுவத்தி அதில் பட்டது. செல்லுலாய்டு எரியும் வேகம் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் பாதி வெந்தது. வலது காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் டாக்டர்கள், அவர் சம்மதிக்கவில்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிப்போயின. அப்போது வயது 18.

உங்கள் வாதம் இடிக்கும் இடம் இதுதான். அந்த இரவுக்கு முன்பே, இங்கிலாந்தின் பெரிய வாத்தியக்குழுத் தலைவரான ஜாக் ஹில்டன் பாரிசுக்கு வந்து அவர் வாசிப்பைக் கேட்டு, லண்டனில் வேலைக்கு அழைத்திருந்தார். பத்தோடு பதினொன்றாக இருந்த பையனை யார் கடல் தாண்டி வந்து அழைப்பார்கள்?

பிப்ரவரி 2, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். விபத்துக்கு முந்தைய பதிவுகள் உண்டு. 1928இல் சில இசைத்தட்டுகளில் அக்கார்டியனுக்குப் பின்னால் பான்ஜோ-கிட்டார் வாசித்திருக்கிறார். அதில் ஒரு தட்டின் லேபிளில் அவர் பெயரை 'ஜியாங்கோ ரெனார்' என்று அச்சிட்டார்கள். தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லத் தெரியாத பையன், காதில் விழுந்ததை எழுதிக்கொண்ட கம்பெனி. ரெனார் என்றால் பிரெஞ்சில் நரி.

அந்தத் தட்டுகளில் நமக்குக் கேட்பது ஜக் ஜக் என்று தாளம் போடும் பான்ஜோ மட்டும். விபத்துக்கு முன் அவர் தனியாகக் கிட்டார் வாசித்த பதிவு ஒன்றுகூட இல்லை. ஆகவே 'முன்பு இப்படி, பின்பு இப்படி' என்று ஒப்பிட்டுக் காட்ட உங்களிடமும் எதுவும் இல்லை, என்னிடமும் இல்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

பிப்ரவரி 5

வாயால் பேசுவதைவிடச் செய்து பார்ப்போம் என்று மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து மருத்துவ ஒட்டுநாடாவால் கட்டிக்கொண்டு மூன்று நாளாக வாசிக்கிறேன். கிட்டார் பிடித்து 14 வருஷம் ஆகிறது எனக்கு.

முதல் அரை மணி நேரம் கை திக்குத் தெரியாமல் நின்றது. நான் கற்ற முறையில் ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) ஒரு விரல். கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு ஆறு கம்பியிலும் குறுக்கே போய்வரலாம். இரண்டு விரல் என்றதும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒரு கம்பியில் இரண்டு ஸ்வரம், அடுத்த கம்பியில் இரண்டு ஸ்வரம் என்று கழுத்தின் மேல் சாய்வாக ஓடினால்தான் பிழைப்பு.

இரண்டாம் நாள் டிமினிஷ்டு கார்டை எடுத்தேன். கார்டு என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது, டிமினிஷ்டு அதில் ஒரு வகை. அதன் வடிவம் மூன்று ஃப்ரெட்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். ஒரு வடிவத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டால் மூன்று மூன்று ஃப்ரெட்டாகத் தாவி மேலே ஏறலாம். ஏறியபோது ஒரு கணம் அவருடைய ஒலி என் கிட்டாரில் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், மயிர்க்கூச்செறிந்தது. அவர் பதிவுகளில் எங்கே பார்த்தாலும் வருகிற அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது என்று என் கைக்கே புரிந்தது.

அப்படியானால் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. யோசிக்கிறேன்.

பிப்ரவரி 9

திருத்தம். 'இரண்டே விரல்' என்பதை நாம் இருவரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு பேசுகிறோம். அது முழு உண்மை இல்லை.

1938இல் எடுத்த ஒரு குறும்படத்தில் அவருடைய குழு வாசிப்பது படமாகியிருக்கிறது. அவர் கையை ஒலியோடு சேர்த்துத் தெளிவாகக் காட்டுகிற படம் என்றால் அது ஒன்றுதான். நேற்று இரவு வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தனி வாசிப்பு வரும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும்தான் ஓடுகின்றன. மற்ற இரண்டும் உள்ளங்கைப் பக்கம் கொக்கிபோல வளைந்து, கூடவே இழுபட்டுப் போகின்றன. ஆனால் கார்டு பிடிக்கும்போது பாருங்கள்: கை லேசாகத் திரும்புகிறது, வளைந்த அந்த இரண்டு விரலும் ஒட்டினாற்போல வந்து மேல் சுருதியில் இருக்கிற முதல் இரண்டு கம்பிகளின் மீது உட்காருகின்றன. விரித்து வைக்கவில்லை, வளைந்தபடியே அழுத்துகிறார். கழுத்தின் மேல்பக்கமாகக் கட்டைவிரலும் வந்து தடித்த கம்பிகளைப் பிடிக்கும்.

ஆக, செத்த விரல்கள் இல்லை அவை. நீட்ட முடியாத விரல்கள். நீட்ட முடியாததை நீட்டாமலே வேலைக்கு வைத்துக்கொண்டார். நான் நாடாவால் கட்டியது தப்பான சோதனை.

பிப்ரவரி 10

நாடாவைப் பிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 16

ஒரு வாரமாக அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, இவ்வளவு காலமும் நாம் தப்பான கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எல்லோரும் இடது கையையே பார்க்கிறோம். ஒலி வருவது வலது கையிலிருந்து. அந்தக் கையில் தீ படிந்த குறை எதுவும் வாசிப்பில் தெரியவில்லை.

அந்த வலது கை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். மணிக்கட்டு வளைந்து, கை கிட்டாரின் பலகையைத் தொடாமல் மிதக்கிறது. பிக், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகடு, கம்பியைக் கீழ்நோக்கி அடித்துவிட்டு அந்தரத்தில் நிற்பதில்லை, அடுத்த கம்பியின் மேல் போய் உட்காருகிறது. கையின் எடை முழுவதும் அந்த ஒரு ஸ்வரத்துக்குள் இறங்கும். ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் முதல் அடி கீழ்நோக்கிய அடிதான். எந்தத் திசையில் மாறினாலும் அப்படியே. மேலும் கீழும் மாறி மாறி அடிப்பதுதான் இயல்பு என்று பழகியவர்களுக்கு இது எரிச்சலைத் தரும். நான் கற்றுக்கொண்ட இடத்தில் சுண்டு விரலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு அடிக்கச் சொன்னார்கள். அந்த ஊன்றுகோலை விடுவதற்கு மட்டும் எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

விட்ட பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதே கிட்டார், அதே கம்பி, அதே அறை. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கதவைத் திறந்து "அப்பா, வேற கிட்டார் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இப்படி அடிக்க ஒருவர் ஏன் பழகுவார்? அக்கார்டியன் முழங்குகிற, ஜனம் காலைத் தட்டி ஆடுகிற நடன விடுதியில், மைக் இல்லாமல், தன் வாத்தியம் கடைசி மேஜை வரை கேட்க வேண்டுமே. இல்லையென்றால் அடுத்த வாரம் வேலை இல்லை. சத்தம்தான் சோறு. ஜாங்கோ அந்த விடுதிகளில் பான்ஜோ-கிட்டாரோடு பதின்ம வயது முழுவதையும் கழித்தார். எல்லாம் 1928 நவம்பருக்கு முன்பு. ஜாக் ஹில்டன் தேடி வந்ததும் அந்தக் கையைத்தான்.

என் வாதம் இதுதான்: அவரை ஆளாக்கிய கை எரியவில்லை.

பிப்ரவரி 17

"வாத்தியத்துக்குப் பங்கு இல்லையா" என்று கேட்டிருக்கிறார்கள். நிறையவே உண்டு. பாரிசில் சாக்ஸபோன் செய்துகொண்டிருந்த செல்மர் கம்பெனி 1932இல் கிட்டார் செய்ய ஆரம்பித்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மாரியோ மக்காஃபெர்ரி. முதலில் வந்தவற்றில் ஒலி வரும் வாய் அரைவட்டமாகப் பெரிதாக இருக்கும். பிறகு வந்தவற்றில் சின்ன நீள்வட்டம். 1952 வரை செய்தார்கள், மொத்தமாக ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. மூக்கால் பேசுவதுபோல ஒரு குரல் அதற்கு, கூட்டத்தில் பேசினாலும் தனியாகக் கேட்கும். அவர் வைத்திருந்த 503ஆம் எண் கிட்டார் இப்போது பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனைவி நகீன் கொடுத்தது.

பிப்ரவரி 24

நண்பர் ஒருவர் "விரலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பாட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். நியாயம்.

விபத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட 18 மாதம் படுக்கையும் மருத்துவமனையும். தம்பி ஜோசஃப் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். 1931இல் தூலோன் நகரத்தில் ஓவியர் எமில் சாவித்ரி அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார், லூயி ஆம்ஸ்ட்ராங் அதில் முக்கியம். அப்புறம் 1934இல் பாரிஸ் கிளாரிட்ஜ் ஹோட்டலில் ஒரு நடனக்குழுவில் வேலை. வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி அதே குழுவில் இருந்தார். கிராப்பெல்லி கம்பி மாற்றிவிட்டுச் சுருதி சேர்க்க நாலு ஸ்வரம் இழுத்தார், திரைக்குப் பின்னால் இருந்த ஜாங்கோ அதைப் பிடித்துக்கொண்டு கூட வாசித்தார், அப்படித்தான் ஆரம்பித்தது என்பார்கள். மற்றவர்களும் இடைவேளைகளில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் 'ஹாட் கிளப் ஆஃப் பிரான்ஸ்' ஐவர் குழு முதல் கச்சேரியையும் செய்தது, அல்ட்ராஃபோன் கம்பெனிக்கு முதல் தட்டுகளையும் பதிவுசெய்தது. 'டைனா', 'டைகர் ராக்' எல்லாம் அப்போது வந்தவை. ஜாங்கோ, கிராப்பெல்லி, பக்கத்தாளக் கிட்டாருக்கு ஜோசஃபும் ரோஜே ஷாப்யூவும், பாஸ் என்ற பெரிய கம்பி வாத்தியத்துக்கு லூயி வோலா. டிரம்ஸ் கிடையாது, ஊதுகுழல் கிடையாது, பியானோவும் கிடையாது. எல்லாம் கம்பி வாத்தியம். ஜாஸ் என்றால் டிரம்பெட்டும் டிரம்ஸும் என்றிருந்த காலத்தில் இது துணிச்சல்.

டிரம்ஸ் இல்லாத குறையைப் பக்கத்துக் கிட்டார்கள் தீர்த்தன. அந்த அடிக்கு 'லா பொம்ப்' என்று பெயர், பம்பு என்று அர்த்தம். முதல் அடியில் கார்டு லேசாக, இரண்டாம் அடியில் வெட்டினாற்போல. ஜாங்கோவின் தனி வாசிப்புக்கு மயங்குகிறவர்கள் ஒருமுறை ஜோசஃபை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அண்ணன் எவ்வளவு தூரம் பறந்தாலும் தரை அசையாது.

இரண்டு பக்கக் கிட்டார் வந்ததற்கும் ஒரு கதை சொல்வார்கள். கிராப்பெல்லி வாசிக்கும்போது அவருக்குப் பின்னால் இரண்டு கிட்டார், தான் வாசிக்கும்போது ஒன்றுதானா என்று ஜாங்கோவுக்குக் குறை. தம்பியைச் சேர்த்துக்கொண்டதும் கணக்கு நேரானது.

பிப்ரவரி 25

மேலே எழுதியதில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டது: நேரம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும். மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டுவார்கள். வெட்டி ஒட்டுகிற வசதி எல்லாம் அப்போது இல்லை. ஒருவர் தப்பினால் ஐந்து பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஜாங்கோவின் 1934 முதல் 1939 வரையான வாசிப்பு முழுக்க இந்த மூன்று நிமிடச் சட்டத்துக்குள் நடந்தது. 1937 நவம்பரில் பதிவான 'மைனர் ஸ்விங்'கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கார்டு, பதினாறு தாளவட்டம், அவ்வளவுதான் பாட்டு. முன்னுரை முடிந்ததும் அவர் தொடங்குகிறார், சுற்றுக்குச் சுற்று ஒரு புது யோசனை, எதையும் இரண்டாம் முறை சொல்லவில்லை. முடியும்போது யாரோ உற்சாகத்தில் "ஓ, யெஸ்" என்று கத்துவார். தட்டில் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 25, பிற்பகல்

அது "ஓ, யா". இப்போது மறுபடி கேட்டேன்.

மார்ச் 3

நான் அவரை முதலில் கேட்டது ஒரு மலிவுத் தொகுப்பில். 24 பாட்டு, ஒன்றுக்கும் தேதி இல்லை, கூட வாசித்தவர்கள் பெயர் இல்லை. 1935க்குப் பக்கத்தில் 1947, அதற்குப் பக்கத்தில் 1938. அதைக் கேட்டுக் கேட்டு, இவர் வாழ்நாள் முழுவதும் ஒரே மாதிரி வாசித்தவர் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். தேதியை மறைப்பது கலைஞனுக்குச் செய்கிற அநியாயம். 1928இலிருந்து 1953 வரை 900க்கு மேற்பட்ட இசைத்தட்டுப் பக்கங்கள் பதிவானவை, அவற்றை வரிசைப்படி வைத்துக் கேட்டால்தான் மனிதர் நடந்த தூரம் தெரியும்.

உதாரணம் 'நுவாஜ்'. மேகங்கள் என்று அர்த்தம், அவரே போட்ட மெட்டு. 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. ஜாங்கோ உடனே பாரிசுக்குத் திரும்பிவிட்டார், கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். வயலின் போயிற்று. அந்த இடத்தில் யூபேர் ரோஸ்தாங்கின் கிளாரினெட் வந்தது, டிரம்ஸும் வந்தது. 1940 டிசம்பரில் 'நுவாஜ்' பதிவானது. ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸ் அந்த மெட்டைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. அரைச் சுருதி அரைச் சுருதியாக இறங்குகிற ஒரு வரி, வேறெதுவும் சொல்லாது. எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

மார்ச் 4

'நுவாஜ்' முதலில் பதிவானது 1940 அக்டோபர் 1. டிசம்பர் 13 அன்று இரண்டாவது கிளாரினெட்டையும் சேர்த்து மறுபடி பதிவுசெய்தார்கள். ஊருக்குத் தெரிந்தது இரண்டாவது. நேற்று எழுதியதில் முதலாவதை விழுங்கிவிட்டேன்.

மார்ச் 11

போர்க்கால ஜாங்கோவைப் பற்றி ஒருவர் "ஜெர்மானியர்களுக்கு வாசித்துச் சொகுசாக இருந்தவர்தானே" என்று எழுதியிருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நிதானமாகப் பதில் சொல்ல எட்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

1940 ஏப்ரலிலேயே, ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழையும் முன்பே, நாடோடிகள் இடம் பெயரக் கூடாது என்று பிரெஞ்சு அரசு ஆணை போட்டுவிட்டது. பிறகு முகாம்கள். ஐரோப்பா முழுவதும் லட்சக்கணக்கான ரோமா மக்களை நாஜிகள் கொன்றார்கள். ஜாங்கோவின் புகழ் அவருக்கு ஒரு குடையாக இருந்தது, ஆனால் எந்த நிமிடமும் பிய்த்துக்கொண்டு போகக்கூடிய குடை. 1943இல் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தார். எல்லையில் பிடிபட்டார். பிடித்து வைத்த இடத்தில் அதிகாரி ஒருவர் ஜாஸ் ரசிகராக இருந்ததால் உயிர் பிழைத்தார். மறுபடி முயன்றார். இம்முறை நள்ளிரவில் ஸ்விஸ் காவலர்களே திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டுதான் நகீனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1944 ஜூனில் மகன் பாபிக் பிறந்தான்.

சொகுசாக இருப்பவர் ஒரே ஆண்டில் இரண்டு முறை எல்லை தாண்டி ஓடப் பார்ப்பாரா?

மார்ச் 12

1946 தொடக்கத்தில் லண்டனில் ஜாங்கோவும் கிராப்பெல்லியும் ஆறேழு வருஷத்துக்குப் பிறகு சந்தித்துப் பதிவுசெய்தவற்றில் பிரெஞ்சு தேசிய கீதமும் ஒன்று, ஸ்விங் என்ற ஜாஸ் நடையில். இருவரும் சேர்ந்து வாசித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அது. போர் முழுவதையும் எதிரெதிர்க் கரையில் கழித்த இரண்டு பேர் முதல் நாளே இப்படி ஒட்டிக்கொள்வது எப்படி என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்.

மார்ச் 20

அமெரிக்கப் பயணம் தோல்வி என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1946 இலையுதிர்காலத்தில் அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் அழைப்பில் போனார். கிட்டார் எடுத்துப் போகவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் க்யூவில் நின்று கொடுக்கும் என்று நினைத்தார், யாரும் நிற்கவில்லை. கிடைத்த மின்கிட்டாரை வைத்து வாசித்தார். நியூயார்க் கார்னகி அரங்கில் இரண்டு இரவு. இரண்டாம் இரவு குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தானைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்ததில் மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தார். பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டன.

ஆனால் அந்தப் பயணத்தில் நவம்பர் 10 சிகாகோ கச்சேரியின் பதிவு இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். ஒலி மங்கல்தான். பழக்கமில்லாத வாத்தியம், பழக்கமில்லாத குழு, அவருக்கென்று எழுதி வைத்த ஏற்பாடு எதுவும் இல்லை. அந்த நிலையிலும் மின்கிட்டாரின் நீண்ட ஒலியை என்ன செய்யலாம் என்று அங்கேயே தேட ஆரம்பித்துவிட்டார். செல்மரில் ஒரு ஸ்வரம் அடித்த உடனே அடங்கத் தொடங்கும். அதனால்தான் நடுக்கமும் அடுக்கடுக்கான ஓட்டமும் கொடுத்து இடத்தை நிரப்பினார். மின்கிட்டாரில் ஸ்வரம் தானே நிற்கும், ஆகவே நிரப்ப வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை வைத்துக்கொண்டு கடைசி ஆறு ஆண்டுகளைக் கேட்க வேண்டும்.

மார்ச் 29

1949 ஜனவரி, பிப்ரவரியில் ரோமில் கிராப்பெல்லியோடும் மூன்று இத்தாலியர்களோடும் 60க்கு மேல் பதிவு செய்தார். பியானோவும் டிரம்ஸும் சில இடங்களில் கட்டையாக இருக்கின்றன. ஜாங்கோ அவற்றுக்குக் காத்திருக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதலில் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 8

இதே தேதியில், 1953இல், அவருடைய கடைசிப் பதிவு.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு பாரிஸை விட்டு சென் நதிக்கரையில் சாமுவா என்ற கிராமத்துக்குப் போய்விட்டார். மீன் பிடித்தார், படம் வரைந்தார், பில்லியர்ட்ஸ் ஆடினார். ஓய்வு பெற்றுவிட்டார் என்றார்கள். ஆனால் 1951இலிருந்து பாரிஸ் கிளப் செயின்ட்-ஜெர்மேனில் தன்னைவிடப் பதினைந்து, இருபது வயது குறைந்த பையன்களோடு வாசித்தார். அவர்கள் பீபாப் என்ற புது ஜாஸ் பாணியின் பிள்ளைகள், வேகமாகவும் கோணலாகவும் யோசிக்கிறவர்கள். செல்மர் கிட்டாரிலேயே கம்பியின் ஒலியை மின்சாரமாக்கும் ஸ்டைமர் பிக்கப்பைப் பொருத்தி ஒலிபெருக்கி வழியாக வாசித்தார்.

1953 மார்ச் 10, மோரிஸ் வான்டேர் பியானோ, பியேர் மிஷ்லோ பாஸ், ஜான்-லூயி வியால் டிரம்ஸ், எட்டுப் பாட்டு. நீள இசைத்தட்டுக்கென்றே அவர் பதிவுசெய்தது வாழ்நாளில் இந்த ஒரு முறைதான். அதில் 'நுவாஜ்' இருக்கிறது. 1940இல் கிளாரினெட்டுக்குக் கொடுத்த மெட்டை இப்போது தானே வாசிக்கிறார். அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்தை அடித்துவிட்டு அது அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறார், அப்புறம்தான் அடுத்தது.

ஏப்ரல் 8 பதிவில் பியானோ மார்சியால் சொலால். 25 வயது, அவருக்கு அது முதல் ஸ்டுடியோப் பதிவு. ஜாங்கோவுக்குக் கடைசி என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தட்டு வெளிவருமுன், மே 16 அன்று, பாரிசில் வாசித்துவிட்டு ஆவோன் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வீடு திரும்பியவர் வாசலில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. வயது 43.

ஏப்ரல் 12

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்து, இனி கிட்டாரே வேண்டாம் என்றிருந்தபோது, மேற்பார்வையாளர் ஒருவர் ஜாங்கோ தட்டைப் போட்டுக் காட்டித்தான் மீண்டும் வாசிக்க வந்தார், ஆகவே அந்தக் காயக் கதைக்கு மதிப்பு இல்லையா என்று.

உண்டு. முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி 2 அன்று நான் 'மறுக்கிறேன்' என்று ஒரே சொல்லில் ஆரம்பித்தது தப்பு. கழுத்தின் மேல் சாய்வாக ஓடுகிற அந்த வழியை அவர் கண்டது காயத்தால்தான், என் கையே அதற்குச் சாட்சி. விரல் போன ஒருவர் அவரைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தார் என்றால் அதைவிடப் பெரிய பயன் எந்த இசைத்தட்டுக்கு உண்டு?

என் ஆதங்கம் வேறு. கேட்கிறவர்கள் அந்தக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். 'பாவம், இரண்டு விரல், இருந்தும் எவ்வளவு வேகம்' என்று 1937இல் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். 1953இல் வேகத்தையே கீழே வைத்துவிட்ட மனிதரை அவர்களுக்குத் தெரியாது. அந்த மனிதரைத் தீயோ விரலோ விளக்காது.

ஏப்ரல் 19

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

இரண்டு போதும் முதலில். 1937 ஏப்ரல் 27 அன்று தனியாக வாசித்த 'இம்ப்ரொவைசேஷன்'. பக்கவாத்தியம் இல்லை, ஜோசஃப் இல்லை, யாரும் இல்லை. ஆலாபனைபோலத் தாளக்கட்டு இல்லாமல் தொடங்கும். வலது கையை இடைஞ்சல் இல்லாமல் கேட்கலாம். அடுத்தது 1953 மார்ச் 'நுவாஜ்'. இரண்டுக்கும் நடுவே 16 வருஷம், ஒரு போர், மின்சாரம். தலைக்கருவி போட்டுக்கொண்டு, இரவில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்க வேண்டாம்.

கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். 1953 பதிவில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் விடுகிற இடைவெளியைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று வெகுநாளாகக் காத்திருக்கிறேன்.